கேத வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன்

எங்கள் அம்மா ரவிக்கை தைப்பவள். வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் சேலையைத் தூக்கிக்கொண்டு முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். சேலைக்குப் பொருத்தமான நூலை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஏழு வயதில் தொடங்கியது. நூற்கண்டுப் பெட்டியை நான் அடுக்கி வைத்திருக்கும் வரிசையை யாராவது கலைத்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. பச்சையில் மட்டும் பத்தொன்பது பச்சை இருந்தது. வெயிலில் ஒரு மாதிரியும் டியூப் லைட்டில் வேறு மாதிரியும் தெரிகிற கண்டுகளைத் தனியாக ஒதுக்கி வைத்திருப்பேன். கல்யாணம் பகலிலா ராத்திரியிலா என்று கேட்டுவிட்டுத்தான் அவற்றை எடுப்பேன்.

"ஏத்தா, ஒம் மக சேலையைத்தான் பாக்குறா. கொண்டாந்த ஆளை ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்குறாளே. அம்புட்டுத் திமிரா?" என்று யாராவது கேட்பார்கள்.

"திமிரெல்லாம் இல்லக்கா. கூச்சம்" என்பாள் அம்மா, பல்லில் கடித்த நூலோடு.

கூச்சமும் இல்லை. முகத்தைப் பார்த்தால் அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. பேச்சைக் கேட்டால் முகத்தைப் பார்க்க முடியாது. இரண்டையும் ஒன்றாகச் செய்ய மற்றவர்களுக்கு எப்படி முடிகிறது என்று அப்போது வியப்பாக இருக்கும். இப்போதும்தான். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வந்தவர்கள் முன்னால் அப்படிச் செய்ததற்காக அம்மா அடித்திருக்கிறாள். அவர்கள் பேசுவது பிடிக்காமல் பொத்திக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்களாம்.

சேலை கொடுக்க வந்தவர்கள் சீக்கிரம் கிளம்பமாட்டார்கள். நாலு பேர் சேர்ந்துவிட்டால் பேச்சு எந்தப் பக்கம் போகிறது, எதற்குச் சிரிக்கிறார்கள், யாரைக் குத்துகிறார்கள் என்று எனக்குப் பிடிபடாது. ஆனால் நடுவில் ஒருத்தி பழமொழி ஒன்றைப் போட்டால் எல்லாரும் நின்று, "ஆமா, பெறகு?" என்பார்கள். அந்த ஒரு நொடி மட்டும் நானும் அவர்களோடு இருந்தேன். அதனால் பழமொழிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அளவு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். அதிலும் சிக்கல் வந்தது. 'மதுரைக்கு வழி வாயிலே' என்று ஒருத்தி சொல்லி எழுதி வைத்தேன். மறுநாளே இன்னொருத்தி, 'தவளை தன் வாயால் கெடும்' என்றாள். வாயைத் திறக்க வேண்டுமா, மூட வேண்டுமா? அம்மாவிடம் கேட்டேன்.

"எடத்துக்குத் தக்கன பேசணும்டி."

"எந்த எடத்துக்கு எதுன்னு எழுதிக் குடு."

அம்மா சிரித்தாள். எழுதித் தரவில்லை. ஆனால் சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். அவள் பழக்கியதில் மிகக் கெட்டியாக என்னிடம் ஒட்டிக்கொண்டது, ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொண்டு கிளம்புவது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் சித்தப்பாவின் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போயிருந்தோம். கிளம்புகிற அவசரத்தில், "அடுப்படியில அத்தை இருக்காக, அவுகட்டயும் சொல்லிட்டு வா" என்று அம்மா என்னை அனுப்பினாள். அத்தை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். வேலையாக இருக்கிறவரைக் கூப்பிடக்கூடாது என்று வேறொரு நாள் அம்மா சொல்லியிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன். "எல்லார்ட்டயும் சொன்னவுக எங்கிட்ட மட்டும் சொல்லலையே, நான் என்ன அந்த வீட்டுல சம்பளத்துக்கா இருக்கேன்?" என்று அத்தை பற்றவைத்த நெருப்பில் இரண்டு வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அதன்பிறகு அம்மா என்னை நிற்கவைத்துச் சொன்னாள். "பெரியவுக சின்னவுக பாக்காத. ஒவ்வொருத்தர் முன்னாடியும் போயி நில்லு. 'போயிட்டு வாரேன்'னு சொல்லு. அவுக 'சரி'ன்னு சொல்ற வரைக்கும் நகராத. ஒருத்தரை விட்டாலும் குத்தம்."

இப்படி ஓட்டையே இல்லாமல் ஒரு விதி கிடைத்தால் எனக்கு நிம்மதி. அதை நான் ஒருநாளும் மீறவில்லை. போன வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதன் முன்னாலும் போய் நிற்பேன்.

ஆறாம் வகுப்பில் அவள் எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்து சேர்ந்தாள். என் பக்கத்தில் மட்டும்தான் இடம் காலியாக இருந்தது. யாரும் உட்காராத இடம். பள்ளியில் எனக்குப் பெயர் 'செய்தி வாசிக்கிறவ'. புத்தகத்தில் இருப்பதுபோல் முழு வாக்கியமாகப் பேசுவேன், அதனால். அவள் அதைக் கேட்டு முதல் நாள் சிரித்தாள். இரண்டாம் நாள் அவளுக்குப் பழகிவிட்டது. வாரம் முடிவதற்குள் என் காதோரம் வந்து சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

"இப்பச் சிரிடி. மிஸ் ஜோக்கு சொல்லிட்டாக."

"அவ உன்னையப் பாராட்டல. நக்கல் பண்றா. பதில் சொல்லாத."

"போதும், எந்திரி. அவளுக்குப் பேசப் பிடிக்கல, கால் ரெண்டும் வாசப்பக்கம் திரும்பியிருச்சு பாரு."

காலைப் பார்க்கலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. முகத்தைவிடக் கால் எவ்வளவோ எளிது.

அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. அவள் அப்பா ஜவுளிக்கடை ஒன்றில் துணி வெட்டித் தருபவர். சனிக்கிழமைகளில் நான் அங்கே போவேன். அவள் அம்மா, அத்தை, தாத்தா எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிச் சிரிப்பார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. அவள் என் பக்கம் திரும்பித் தமிழில் சொல்வாள்: "தாத்தாவுக்கு இட்லி கல்லு மாதிரி இருக்காம். அதுக்கு அம்மா, பல்லைக் குறை சொல்லுங்கன்றாக." நான் சிரிப்பேன். அவள் அப்பா, "பாப்பாவுக்கு நல்லா வெளக்கிச் சொல்லு" என்பார். அந்த வீட்டில் எனக்குப் புரியாமல் போவது யாருக்கும் குறையாகப் படவில்லை. வேற்று மொழி, புரியாதுதானே. யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அங்கே இயல்பாக இருந்தது. என் வீட்டிலும் பள்ளியிலும் தமிழில் பேசினார்கள். அதுவும் எனக்கு வேற்று மொழி மாதிரித்தான் இருந்தது. ஆனால் அதை எடுத்துச் சொல்ல அவளைத் தவிர யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் அவள் அப்பா இறந்துபோனார். காலையில் கடைக்குக் கிளம்பியவர் வண்டியை எடுப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவுக்கு அப்போது கால் பிசகிக் கட்டுப் போட்டிருந்தது. "நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போயிறணும்டி. அப்பாகூடப் போயிட்டு வா. அவ பக்கத்துல பேசாம உக்காந்திரு. சிரிச்சுக் கிரிச்சுத் தொலைச்சுறாத" என்று அனுப்பினாள். அப்பா அதிகம் பேசாத மனிதர். தெருவில் போட்டிருந்த நாற்காலிகளில், ஆண்களோடு உட்கார்ந்துகொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன்.

அழுகைச் சத்தம் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. ஆனால் காதைப் பொத்தவில்லை. ஃப்ரீசர் பெட்டியின் மோட்டார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். என்னை யாராவது தொட்டால் எனக்கு ஆகாது. கையை இழுத்துக்கொள்ளாமல் இருந்தேன். அம்மா சொன்னபடி சிரிக்கவில்லை. எல்லாம் சரியாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்பா வாசலுக்கு வந்து தலையை அசைத்தார். நான் எழுந்தேன். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த பாட்டியிலிருந்து தொடங்கினேன்.

"போயிட்டு வாரேன்."

அந்தப் பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். அதைச் 'சரி' என்று எடுத்துக்கொண்டேன். அடுத்தவரிடம் போனேன். அதற்கு அடுத்தவரிடம். நாற்பத்து மூன்று பேர். நாலு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கால்களுக்கு நடுவே வழி பார்த்து ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றேன். அழுகை கொஞ்சம் கொஞ்சமாக நின்றுகொண்டு வந்தது. எனக்கு அது நல்லதாகப் பட்டது. அவள் அம்மாவிடம் சொன்னேன். கடைசியாக அவளிடம் வந்தேன்.

"போயிட்டு வாரேன்."

அவள் 'சரி' சொல்லவில்லை. சொல்கிற வரை நகரக்கூடாது. திரும்பவும் சொன்னேன். மூன்றாம் முறை சொன்னபோது அவள் அத்தை எழுந்து வந்து என் தோளைப் பிடித்து வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார்.

"இன்னும் யாரைக் கொண்டுபோக வர்ற நீ?"

"யாரையும் இல்லை" என்று பதில் சொன்னேன்.

அப்பா ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தார். அவர் எதையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "நாப்பத்தி மூணு பேர்ட்டயும் சொல்லிட்டேம்மா. அவ மட்டும் சரின்னு சொல்லல." ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. என்னையே பார்த்தாள். பிறகு, "சரி, போயித் தலைக்கு ஊத்து" என்றாள். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் பள்ளிக்கு வந்தாள். நான்கு நாள்கூட ஆகியிருக்காது, வருடக்கணக்காகப் படுத்த படுக்கையாக இருந்த அவள் தாத்தாவும் போய்ச் சேர்ந்தார். அதற்குப்பின் திரும்பி வந்தவள் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். போர்டு தெரியவில்லை போலும் என்று நினைத்து நானும் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மறுநாள் அவள் இன்னொரு பெஞ்சுக்குப் போனாள். நானும் போனேன். மூன்றாம் நாள் சொன்னாள்:

"எம் பக்கத்துல உக்காராத."

சரி என்றேன். அதற்கப்புறம் உட்காரவே இல்லை. அவள் போட்ட விதி அது. பன்னிரண்டாம் வகுப்புவரை அதை நான் மீறவில்லை. மதியம் மாடிப்படிக்கு அடியில் சாப்பிடுவேன். அங்கே சத்தம் குறைவு. 'இப்பச் சிரி' என்று சொல்ல ஆள் இல்லாததால் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். தப்பான இடத்தில் சிரிப்பதற்கு அது மேல்.

தனியாக இருக்கிறவளுக்கு நேரம் நிறையக் கிடைக்கும். ரத்தப் பரிசோதனைப் படிப்புப் படித்தேன். பெண் பார்க்க நாலு குடும்பம் வந்து போயிற்று. ஒரு மாப்பிள்ளையிடம், அவர் சட்டையில் மூன்றாவது பட்டன் மட்டும் வேறு நூலில் தைத்திருக்கிறது என்று சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவர்கள் பஜ்ஜியைக்கூட முடிக்கவில்லை. "ஒன்னையக் கட்டிக் குடுக்குறதுக்குள்ள நான் கட்டையில போயிருவேன்" என்று அம்மா அழுதாள். பேச்சை நானே கற்றுக்கொண்டேன். டீக்கடை, பஸ், ரேஷன் கடை வரிசை என்று போகிற இடத்திலெல்லாம் காதைத் திறந்து வைத்துக்கொண்டேன். எந்தக் கேள்விக்கு என்ன பதில், எந்தப் பதிலுக்கு என்ன மறுபேச்சு என்று நோட்டு நோட்டாக எழுதினேன். வெயிலைப் பற்றி யாரோடும் கால் மணி நேரம் பேச இப்போது என்னால் முடியும். ஆட்டோக்காரரை, காய்காரம்மாவைச் சிரிக்கவைக்க முடியும். பேசி முடித்து வீட்டுக்கு வந்தால் இருட்டறையில் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். கலகலப்பானவள் என்று பெயர் வாங்கிவிட்டேன். கலகலப்பானவளைத் தேடி ஞாயிற்றுக்கிழமை யாரும் வந்ததில்லை.

கோரிப்பாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. குழாய்களுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டி, வரிசைப்படுத்தி, முடிவுகளைத் தட்டச்சு செய்வது. ஒரு குழாய்கூட நான் மாற்றி வைத்ததில்லை. ரத்தம் எடுக்கிறவள் தர்காவுக்குப் பின்தெருவில் பிறந்து வளர்ந்தவள், என் வயதுதான். அப்பா மடியில் உட்கார்ந்து அழுகிற குழந்தையையும், "ஊசியப் பாக்காத ராசா, அத்தா மூஞ்சியப் பாரு, அதவிடவா ஊசி பயமா இருக்கு?" என்று சிரிக்கவைத்து, அந்தச் சிரிப்புக்குள் ஊசியை ஏற்றி எடுத்துவிடுவாள்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், எங்கள் டாக்டரின் அம்மா இறந்தார். எல்லாரும் போனோம். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு நான் எழுந்தேன். முதல் வரிசையில் முதல் ஆள் முன்னால் போய் நின்று, "போயிட்டு" என்றதுமே ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. ரத்தம் எடுக்கிறவள்தான். செருப்பைக்கூட மாட்டவிடாமல் என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

"கிறுக்கு, கிறுக்கு! கேத வீட்டுல சொல்லிட்டுக் கெளம்புவாகளா யாராச்சும்?"

"சொல்லாமப் போனாத்தானே குத்தம்?"

"சொன்னாத்தான்டி குத்தம். போயிட்டு வாரேன்னு சொன்னா, நீ திரும்ப வர்றதுக்கு அங்க இன்னொரு எழவு விழணும்ல? சத்தமில்லாம எந்திரிச்சு வந்துறணும். அவுகளும் வாங்கன்னு கேக்க மாட்டாக, நீயும் வாரேன்னு சொல்லக்கூடாது. மௌத்து ஆன வீட்டுல எங்காளுகளுக்கு வேற முறை. எனக்கே இது தெரியுது. ஒனக்கு எப்புடித் தெரியாமப் போச்சு?"

"வீட்டுல சொல்லிக் குடுக்கலையாக்கா?" என்றார் ஆட்டோக்காரர்.

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டுண்ணே."

ஆற்றுப் பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றது. அந்த நாலு வரிசையும் என் கண் முன்னால் வந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றது, அழுகை நின்றுகொண்டே வந்தது, அவள் அத்தையின் கை. அதை எனக்குச் சொல்லித்தர யாருக்கும் தோன்றாமல் போனது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. எல்லாரும் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். பார்த்தால் தெரிந்துவிடும் என்று இருக்கிற ஊரில், பார்த்தும் தெரியாத ஒருத்தி நான்.

ரத்தம் எடுக்கிறவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்து மூன்று பேரையும். அவள் சிரிக்கவில்லை.

"யா அல்லா" என்றாள் மெதுவாக. பிறகு கேட்டாள், "வேற என்னென்னடி தெரியாது ஒனக்கு?"

"எனக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?"

வண்டி நகர்ந்ததும் சொன்னாள்: "எங்க அக்கா மக ஒருத்தி இருக்கா. அப்புடியே ஒன்னைய உரிச்சு வச்சது மாதிரி. காதைப் பொத்திக்கிருவா, கூட்டத்தைக் கண்டா ஓடுவா, மூஞ்சியப் பாக்க மாட்டா. ஒரு டாக்டரம்மாட்டக் கூட்டிட்டுப் போறோம். ஒனக்கு ஒண்ணும் வியாதி இல்ல. சும்மா வாரியா?"

மூன்று முறை போனேன். அந்த டாக்டர் என்னைவிட இளையவர். கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் காத்திருந்தார். அதுவே எனக்குப் புதிது. கடைசி நாளில் சொன்னார்: "முன்னாடி இதை ஆஸ்பெர்ஜர்னு சொல்வோம். இப்ப ஆட்டிசம்ங்கிற ஒரே பேருக்குள்ள சேர்த்துட்டாங்க. பேசத் தெரியாம இல்ல, அறிவு குறையவும் இல்ல. மத்தவங்க தானா பிடிச்சுக்கிறதை நீங்க ஒவ்வொண்ணா உக்காந்து படிச்சிருக்கீங்க. இத்தனை வருஷம் தனியாப் படிச்சிருக்கீங்க."

'தனியா' என்று அவர் சொன்ன இடத்தில் அழுதுவிட்டேன். அது சரியான இடமா என்று தெரியவில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா முதலில் கேட்டது, "ஒடம்புக்கு ஒண்ணுமில்லைல?" என்றுதான். பிறகு கேத வீட்டு விஷயத்தைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியும்டி. நீ வந்து சொன்ன அன்னைக்கே எனக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு. சொன்னா நீ நொந்துருவன்னு சொல்லல. நீ மறந்திருப்பன்னு நெனச்சேன்."

"நான் எதையும் மறக்கமாட்டேம்மா."

"காதைப் பொத்துனதுக்கெல்லாம் அடிச்சேனே" என்று அவள் வேறெங்கோ போய்விட்டாள். அன்றைக்கு ஒரு ரவிக்கைத் துணியைத் தப்பாக வெட்டினாள். நாற்பது வருடத் தொழிலில் அப்படி ஆனதில்லை. அப்பா சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிவிட்டு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அந்த டாக்டரம்மா கேட்ட கேள்வியெல்லாம் எங்கிட்டயும் கேப்பாகளா?"

நிலையத்தில் சில காரியங்கள் மாறின. எனக்குச் சொல்ல வேண்டியதை எங்கள் டாக்டர் தாளில் எழுதித் தருகிறார். போன் வந்தால் ரத்தம் எடுக்கிறவள் பேசுகிறாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறேன், யாரும் கேட்பதில்லை. இதெல்லாம் பெரிய நிம்மதி. ஆனால் ராத்திரியும் பகலும் என் மண்டைக்குள் ஓடியது ஒன்றுதான். எங்கோ ஒருத்தி, அவள் வீட்டில் இன்னொரு சாவு விழட்டும் என்று நான் மூன்று முறை சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

அவளைத் திருப்பரங்குன்றத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அம்மா அவள் அம்மாவிடம் நம்பர் வாங்கித் தந்தாள். செய்தி அனுப்பினேன். 'வா' என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், இரண்டாவது மாடி. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியதை நான்கு பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். முகத்தைப் பார்த்துச் சொன்னால் தடுமாறும் என்று, தாளைப் பார்த்தே வாசித்தேன். பால்காய்ச்சு வீட்டு அத்தை, அம்மா போட்ட விதி, ஃப்ரீசர் பெட்டிச் சத்தம், டாக்டர் சொன்னது, எல்லாம். வாசித்து முடித்ததும் அவள் காலைப் பார்த்தேன். என் பக்கம்தான் இருந்தது.

"எனக்குத் தெரியும்டி" என்றாள்.

"எது?"

"நீ தெரியாமத்தான் சொன்னேன்னு. அன்னைக்கே தெரியும். ஒன்னையப் பத்தி எனக்குத் தெரியாதா? எதுத்தாப்புல வந்து நின்னுக்கிட்டு, சரின்னு நான் சொல்லணும்னு பாத்துக்கிட்டே இருந்த. ஒரு சரி சொல்லியிருந்தா நீ போயிருப்ப."

எனக்கு அடுத்த வரி தாளில் இல்லை. "பிறகு ஏன்?" என்றேன்.

அவள் தூங்குகிற குழந்தையின் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள். "வீட்டுல எல்லாரும் ஒன்னையத்தான் சொன்னாக. தாத்தா போனதும் கேக்கவே வேணாம். 'அவளுக்கு அது தெரியாது'ன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. ஸ்கூல்லயும் ஒங்கூட இருந்தா என்னையும் சேத்துத்தான் சிரிப்பாளுக. அதுக்கு முந்தி அதைத் தாங்கிக்கிட்டேன். அப்பா போனதுக்கப்பறம் எனக்குத் தெம்பில்லடி. அம்புட்டுத்தான். ஒம் மேல ஒரு தப்பும் இல்ல."

மழுப்பாமல், சுற்றிவளைக்காமல் இப்படி ஒருவர் என்னிடம் காரணத்தைச் சொன்னது அதுதான் முதல் முறை. எனக்கு அது பிடித்திருந்தது. என்னை யாருக்கும் விளங்கவில்லை என்பதுதான் என் தனிமை என்று அதுவரை நினைத்திருந்தேன். விளங்கிய ஒருத்தி இருந்தாள். விளங்கியபடியேதான் பெஞ்சு மாறினாள்.

"கோவமா?" என்று கேட்டாள்.

"தெரியல. ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றேன்."

அவள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நீ மாறவே இல்லடி" என்று காப்பி போட எழுந்தாள்.

எனக்கு உணர்ச்சிகள் தாமதமாகத்தான் வரும். மூன்றாம் நாள் வேலையில் இருக்கும்போது கோபம் வந்தது. சாயங்காலம் போய்விட்டது. சொன்னபடி அவளுக்கு அதை எழுதி அனுப்பினேன். 'சரி' என்று பதில் போட்டாள். கொஞ்ச நாள் செய்திகள் வந்தன. குழந்தையின் படம், ஒரு பண்டிகை வாழ்த்து. பிறகு மாதம் ஒன்று. பிறகு அதுவும் குறைந்தது. அவள் என் வீட்டுக்கு வரவில்லை. கோபம் போன இடத்தில் வேறொன்று இருந்தது, அது மட்டும் போகவில்லை. ரத்தம் எடுக்கிறவளிடம் கேட்டேன்: எத்தனை நாள் பதில் வராவிட்டால் நான் எழுதலாம்? எத்தனைக்கு மேல் எழுதினால் தொந்தரவு?

"இதுக்கெல்லாம் கணக்கு இல்ல புள்ள" என்றாள் அவள், ஊசிப் பெட்டியை மூடிக்கொண்டே. "ஒனக்கு அவளத் தேடுது. எங்கம்மா மௌத்தாகி ஆறு வருஷமாச்சு, எனக்கு இன்னும் தேடுது. அதுபாட்டுக்கு இருக்கும். நீ பாட்டுக்கு வேலையப் பாரு."

நேற்று காலையில் எங்கள் தெருவுக்கு வருகிற கீரைக்காரம்மா, "ஏந்தாயி, பேச்சுச் சத்தத்தையே காணோம்?" என்று கேட்டார். வெயிலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். "பள்ளிக்கூடத்துச் சேத்தாளி ஒருத்தியத் தேடுது" என்று சொன்னேன். அவர் கீரைக்கட்டைத் திரும்பக் கூடையிலேயே வைத்துவிட்டு எங்கள் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கும் ஒருத்தி இருந்தா தாயி. மேலூர்ப் பக்கம் வாக்கப்பட்டுப் போனா. ரெண்டு பேரும் ஒண்ணாக் களை எடுக்கப் போவோம். என்ன கோவமோ, எங் கல்யாணத்துக்கு அவ வரல. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல எனக்கு..."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூடையில் கீரை வாடத் தொடங்கிவிட்டது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். அவர் கால் இரண்டும் என் பக்கம் இருந்தன. நான் காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.